கண்ணாடி கொடுத்த சீரியம்

அன்று நம் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: பிளாஸ்டிக் பாட்டிலில் எதுவும் வளரவில்லை. முந்தின நாள் மத்தியானமே எனக்கு அது தெரியும். பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் பாட்டிலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருந்தது. வளர்ந்திருந்தால் ரோஸ் நிறத்தில் கலங்கியிருக்க வேண்டும். குலுக்கிப் பார்த்தேன், அடுத்த பாட்டிலை எடுத்தேன், அதற்கடுத்ததையும் எடுத்தேன். பிறகு என் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் ஒன்றைக் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ரயிலேறப் போகும்போது நீ நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய், அப்போதும் சொல்லவில்லை. உன் சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. அதைப் போட்டுவிட்டேன்.

உனக்கு அப்போது ஐந்து வயது. இந்தக் கடிதம் அந்த ஐந்து வயதுப் பையனுக்கு இல்லை. அவனுக்கு நான் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. மீசை முளைத்து, குரல் உடைந்து, என்னைவிட உயரமாகி, ஏன் என்னை அனுப்பினாய் என்று கேட்கப்போகும் ஒரு ஆளுக்கு எழுதுகிறேன். அந்த ஆளை எனக்கு இன்னும் தெரியாது. அவன் என்னிடம் எந்தத் தொனியில் பேசுவான் என்றுகூட ஊகிக்க முடியவில்லை. பெயர் போடாமல், நாலு பேர் படிக்கும் இடத்தில் இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் எழுதி வைத்தால் நானே ஒரு நாள் கிழித்துவிடுவேன். மேலும் எங்கள் லைனிலேயே, இந்தச் சுரங்கக் குடியிருப்பு வரிசையிலேயே, பிள்ளைகளை இப்படி வெளியூருக்கு அனுப்பிய வீடுகள் உண்டு. அந்தத் தாய்மார்களும் நானும் குழாயடியில் பார்த்தால் என்ன குழம்பு என்றுதான் பேசிக்கொள்கிறோம். இதைப் பேசுவதில்லை.

நீ இந்த ஊரை எவ்வளவு ஞாபகம் வைத்திருப்பாய் என்று தெரியவில்லை. நம் வீட்டின் பின்கதவைத் திறந்தால் எதிரே நிற்பது சயனைடு மேடு, ஊரார் டம்ப்பு என்பார்கள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டான மலை அது. நீ அதை மலை என்றுதான் சொல்வாய். வேறு மலையை நீ பார்த்ததில்லை. மழை ஓடிய கோடுகள் அதன் உடம்பு முழுக்க இருக்கும். சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுக்க வருவார்கள், புதிதாகப் பார்ப்பவர்கள் அழகு என்பார்கள். கோதுமை மாவைவிட மெல்லிய தூள். ஆடிக் காற்று கிளம்பினால் அது எழுந்து நடந்து வரும். ஜன்னலைச் சாத்தி ஈரத் துணியைச் செருகுவோம். இருந்தாலும் சோற்றுத் தட்டில் விரலை வைத்தால் நறநறவென்று இருக்கும். உன் தாத்தா, அதாவது என் மாமனார், அந்தத் தூளைச் சுரங்க வேலையில் இருந்தபோது ஷாஃப்டுக்குள் சுவாசித்தவர். வெளியே வந்த பிறகு வீட்டில் சுவாசித்தார். அவருடைய நுரையீரல் இப்போது ஒரு ஆக்சிஜன் மெஷினை நம்பி இருக்கிறது. கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம், நடுவழியில் உட்கார்ந்து போக.

உனக்கு முதல் இரைப்பு வந்தது மூன்று வயதில். சளி என்று நினைத்தோம். அடுத்த ஆடியில் மறுபடியும் வந்தது. அதற்கடுத்த ஆடியில் உன் உதடு நீலமாகி, ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, உன் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வருவதைப் பார்த்தேன். டாக்டர் உனக்கு மருந்துப் புகை கொடுத்து, நீ தூங்கின பிறகு, இவன் இந்தத் தூசியில் இருக்கக் கூடாது என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. இந்த ஊரில் அவர் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. உன் அப்பா வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் எல்லாரும் வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டார். தாத்தா குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார். அவர் முக்கியமாக எதையாவது சொல்லவேண்டும் என்றால் குழாயை எடுத்துவிடுவார்.

"என்ன இட்டுக்கினு எங்கடா போவ? மெஷின தூக்குவியா, என்ன தூக்குவியா? நான் இங்கயே கெடக்கறேன், நீங்க போங்க."

போகவில்லை. பூட்டிவிட்டுப் போனால் குவார்ட்டர்ஸ் வேறு யார் கைக்கோ போய்விடும் என்ற பயம் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது ஒரு காரணம். உன் அப்பாவுடையது ஒப்பந்த வேலை, எனக்கு வரும் ஆராய்ச்சி உதவித்தொகைதான் நிலையானது என்பது இன்னொன்று. ஆனால் உண்மையான காரணம் தாத்தாதான். அவரைத் தனியாக விட முடியாது, தூக்கிக்கொண்டும் போக முடியாது. இரண்டு நுரையீரல்களுக்கு நடுவில் ஒரு வீடு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஒன்றுக்கு இந்த ஊரைவிட்டுப் போனால் உயிர், இன்னொன்றுக்கு இந்த ஊரைவிட்டுப் போனால் சாவு.

இப்போது என் வேலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீ அதைப் பூச்சி என்றாய். தாத்தாவும் பூச்சி என்றார். பூச்சி இல்லை, பாக்டீரியா. மேட்டின் அடிவாரத்தில், பஸ் போகும் பக்கம், முள்செடிகளும் ஒரு வகைக் களைச்செடியும் எப்படியோ வளர்ந்து நிற்கும். அந்த இலைகளைப் பறித்துப் போய் ஆய்வுக்கூடத்தில் தட்டில் அழுத்தி எடுத்தால், இலையின் தடம் பதிந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் புள்ளி புள்ளியாக வளரும். இலைகள் மூச்சோடு வெளியே விடும் மெத்தனால் ஆவிதான் அதற்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைச் செரிக்க அதனிடம் ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதிக்கு நடுவில் ஒரு உலோகத் துளி உட்கார்ந்தால்தான் அது வேலை செய்யும். சீரியம், லாந்தனம் மாதிரி ஒன்று. அருமண் தனிமங்கள் என்று இவற்றுக்குப் பெயர். அரிய மண் என்று பெயரே தவிர, பூமியில் எங்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடக்கிறது. குவியலாகக் கிடைப்பதுதான் அரிது. தாத்தா பீடி பிடித்த காலத்து லைட்டர் அலமாரியில் கிடக்கிறதே, அதன் கல்லில்கூடச் சீரியம் இருக்கிறது. வெகுகாலம் வரை இவற்றால் எந்த உயிருக்கும் பயன் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, சில பாக்டீரியாக்களுக்கு இது இல்லாவிட்டால் பசி தீராது என்று. கொஞ்சமாகக் கொடுத்தால் வேகமாக வளரும், வழவழவென்று ஒரு பசையைச் சுரந்து தன்னைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். அதிகமாகக் கொடுத்தால், தண்ணீரில் இருக்கும் பாஸ்பேட்டை இந்த உலோகம் பிடித்துக்கொண்டு வெள்ளைத் துகளாக அடியில் இறங்கிவிடும், பாக்டீரியா பட்டினி கிடந்து நின்றுபோகும். எவ்வளவு கொஞ்சம் என்றால், தராசில் நிறுக்க முடியாத அளவு கொஞ்சம். இதை அன்புக்கோ வளர்ப்புக்கோ உவமையாக்கச் சொல்லிக் கை பரபரக்கிறது. ஆக்க மாட்டேன். அது வெறும் பாக்டீரியா, அதற்கு வேண்டியது வெறும் சீரியம்.

என் மனதில் இருந்த யோசனை எளிமையானது. புல் விதையில் இந்த பாக்டீரியாவைப் பூசி மேட்டில் விதைத்தால், புல் விடும் ஆவியைத் தின்று அது வளரும், அது சுரக்கும் பசை வேரைச் சுற்றித் தூளைக் கட்டிப்பிடிக்கும், புல் நின்றால் தூள் பறக்காது. ஆனால் சீரியம் வேண்டுமே. மேடு முழுக்க அதை யார் கொட்டுவது? அதனால் மேட்டிலேயே அது இருக்கிறதா என்று பார்த்தேன். மேட்டு மண்ணை ஊறவைத்து வடித்த தண்ணீரில், வேறெதுவும் சேர்க்காமல், அந்த ஆவிக்குப் பதில் கொஞ்சம் மெத்தனால் மட்டும் ஊற்றி, பாக்டீரியாவை விட்டேன். கண்ணாடிக் குடுவையில்தான். பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர்க் குடுவை ஒன்று. உப்புநீர் லேசாகத்தான் கலங்கியது. மேட்டுத் தண்ணீர் இளஞ்சிவப்பாகக் கொழித்தது. அன்று நான் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையை உனக்கு எப்படிச் சொல்வது? மலை தன் மருந்தைத் தானே வைத்திருக்கிறது என்று நினைத்தேன். மாமனார் நுரையீரலையும் மகன் நுரையீரலையும் தின்ற மண், அதற்குள்ளேயே அதை அடக்கும் சீரியத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் நிற்கிறது என்று நினைத்தேன். ரயிலில் எப்போதும் புத்தகம் படித்துக்கொண்டு வருபவள் நான். அன்று ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

குடுவையிலிருந்து கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து, புல் விதையில் பூசி, மேட்டு மண் நிரப்பிய தட்டுகளில் விதைத்துப் பின்பக்கம் வைத்தோம். நீ ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்ப்பாய், உன்னை வெளியே விடமாட்டேன். தட்டு பச்சையானது. நீ கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, பூச்சி வேலை செய்துவிட்டது என்று உள்ளே போய்த் தாத்தாவை எழுப்பினாய். உன் அப்பா டேபிள் ஃபேனை வெளியே எடுத்துவந்து தட்டுக்கு நேரே வைத்து ஓட்டிக் காட்டினார். பக்கத்துத் தட்டில் வெறும் மண் பறந்தது. பச்சைத் தட்டில் பறக்கவில்லை. லைனில் இருந்த நாலு வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களிடம் நான் சொன்னேன், இது ஆரம்பம்தான், தட்டும் மேடும் ஒன்றில்லை என்று. உன் அப்பா நடுவில் புகுந்து அடுத்த ஆடிக்குள் பாருங்கள் என்றார். எதிர்வீட்டு அண்ணன் ஒருத்தர், அப்படியானால் டம்ப்பு மேலே மாடு மேய்க்கலாம், நமக்குப் பால் வாங்கும் செலவு மிச்சம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாத்தா கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"மண்ணுல தங்கம் எடுத்தோம் நாங்க. இவ பூச்சி எடுக்கறா. அதையும் ஒருத்தன் வந்து வித்துட்டு இழுத்து மூடிட்டுப் போவான், பாரு."

அவருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று அந்தக் கிண்டலில் தெரிந்தது. நம்பாத விஷயத்தைப் பற்றி அவர் கிண்டல்கூடப் பண்ணமாட்டார்.

அந்தத் தட்டு பிறகு மஞ்சளானது. முதலில் ஓரம், அப்புறம் நடு. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினேன். உண்மையில் புல் முளைத்த முதல் நாட்களில் விதைக்குள் இருக்கும் உணவில்தான் வளரும், எந்த மண்ணிலும் வளரும். அது எனக்குத் தெரியாத விஷயமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்தது. ஆனால் என் வீட்டுப் பின்பக்கம் பச்சையாக நின்றதை நான் மாணவியாகப் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் உனக்குத் தை மாதமே ஒரு இரைப்பு வந்தது. காற்றுக் காலமே இல்லை, ஆனாலும் வந்தது. அதற்குப் பிறகுதான் குடியாத்தத்தில் இருக்கும் உன் அத்தை, அப்பாவின் அக்கா, ஃபோனில் பேசினார். பையனை என்னிடம் அனுப்பு, உன் மலை புல்லால் மூடுகிற வரைக்கும் இருக்கட்டும் என்றார். அந்தச் சொல் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மலை மூடுகிற வரைக்கும். உன் அப்பா அதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார். தாத்தா அதைச் சொல்லித்தான் உன் பையில் வைக்கத் தன் டார்ச்சை எடுத்துக் கொடுத்தார். நீ அதைச் சொல்லித்தான் எதிர்வீட்டுப் பெண்ணிடம் உன் மூன்று சக்கர சைக்கிளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். யாரும் உன்னை அனுப்பவில்லை, கொஞ்ச நாள் இரவல் கொடுக்கிறோம் என்பது போல வீடே நடந்துகொண்டது. நானும் சம்மதித்தேன். என் குடுவைகள் அப்போது இளஞ்சிவப்பாக இருந்தன.

என் வழிகாட்டி மேடம் கன்னடக்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் மெதுவாகத்தான். எழுதி அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுப் பார்த்துவிடு என்று சொன்னார். எங்கள் துறையில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு முறை விழும் குழி அது. கண்ணாடி செய்யும் மணலிலேயே இந்த அருமண் தனிமங்கள் துளித்துளியாக இருக்கும். பழைய குடுவை, கீறல் விழுந்த குடுவை, திரும்பத் திரும்ப நீராவியில் வேகவைத்த குடுவை என்றால் அது தண்ணீரில் கசியும். நான் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவித்தான் பயன்படுத்தினேன். அமிலம் கண்ணாடியின் மேலே ஒட்டியிருப்பதை எடுக்கும், கண்ணாடிக்குள் இருப்பதை எடுக்காது. மேட்டு மண்ணில் அந்தக் காலத்திலேயே சுண்ணாம்பு சேர்த்திருக்கிறார்கள், அதனால் அதை வடித்த தண்ணீரில் காரம் அதிகம். காரம் கண்ணாடியை அரிக்கும். உப்புநீரைவிட அந்தத் தண்ணீர் கண்ணாடியிலிருந்து அதிகமாகச் சுரண்டி எடுத்திருக்கிறது. என் பாக்டீரியா தின்றது அதைத்தான். மலை எதையும் கொடுக்கவில்லை. கொடுத்தது குடுவை.

அந்தச் சனிக்கிழமை, மேட்டுத் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டில்களில் எதுவும் வளராததைக் காட்டினபோது மேடம் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு என் தோளில் கையை வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க நீ சீரியம் சேர்த்து வைத்த பாட்டிலில் நன்றாக வளர்ந்திருக்கிறதே, அது உண்மைதானே, அதை எழுதலாம் என்றார். நான், சேர்த்துவிட்டால் மேட்டிலும் வளரும் அல்லவா என்று கேட்டேன். அந்த மண்ணில் போட்டதும் அது மண்ணோடு ஒட்டிக்கொண்டுவிடும், பாக்டீரியா கைக்குக் கிடைக்காது, கிடைக்கிற அளவுக்குக் கொட்டினால் அது வேறு விதமான விஷம் என்றார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் பொறுமையாகச் சொன்னார். ஒரு நல்ல ஆய்வுக்கட்டுரைக்கு வேண்டியது எல்லாம் என்னிடம் இருந்தது. அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என் பையனுக்காக எனக்கு ஒரு மலையை மூட வேண்டியிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அது ஆய்வுக்கூடத்தில் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தை முந்தின நாள் சாயங்காலமே வந்து, உன் துணிகளை எல்லாம் எடுத்து முகர்ந்து பார்த்து, எல்லாத்திலும் மண் வாசனை அடிக்கிறது என்று சொல்லி, பாதியைத் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டார். ஊரில் நானே தைத்துப் போடுகிறேன் என்றார். ரவிக்கை தைத்து இரண்டு பையன்களை வளர்த்து ஆம்பூரில் செருப்புக் கம்பெனி வேலைக்கு அனுப்பியவர். அவருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஒருத்தரிடம் உன்னைக் கொடுத்தேன். தாத்தா உன் தலையில் கையை வைத்து, போய்ட்டு வாடா, டம்ப்ப நான் பாத்துக்கறேன், அது எங்கயும் போவாது என்றார். நீ சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை.

ஸ்டேஷனில் கூட்டம் இல்லை. உன் அப்பா உங்களோடு பங்காருப்பேட்டை வரைக்கும் வந்து, அங்கிருந்து ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் வண்டியில் ஏற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு. நான் ஸ்டேஷனோடு நின்றுவிட வேண்டும், தாத்தாவை நெடுநேரம் தனியாக விட முடியாது. மருந்து உறிஞ்சும் குழாயை எப்படி முகத்தில் வைத்து அழுத்துவது என்று அத்தைக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தேன். அவர், "எல்லாம் தெரியும்மா எனக்கு. மலய மூடினா மூடு, இல்லன்னா இன்னா இப்போ? பையன் எங்கிட்ட கீறான். அதுக்கோசரம் படிப்ப வுட்றாத," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த ஒரு ஆள்தான் மலை மூடாமலும் போகலாம் என்பதை வாய்விட்டுச் சொன்னவர். வண்டி வரும் சத்தம் கேட்டதும் நீ என் புடவையைப் பிடித்து இழுத்தாய்.

"எம்மா, பூச்சி மலய மூடினதும் அன்னிக்கே என்ன இட்டாந்துடுவியா? இல்ல மறுநாளா?"

அன்றைக்கேவா, மறுநாளா. உன் சந்தேகம் அவ்வளவுதான். மூடுமா என்பது உன் கேள்வியிலேயே இல்லை. இதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது, வார்த்தைகளும் இருந்தன. பிளாஸ்டிக், கண்ணாடி, காரம், சீரியம் என்று ஐந்து வயதுப் பையனுக்கும் புரியும்படி சொல்லத் தெரிந்தவள்தான் நான். எத்தனையோ முறை உனக்கு அதை எல்லாம் கதையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருந்தால் நீ ஏறியிருக்கமாட்டாய். உன்னை இழுத்து ஏற்றியிருப்பார்கள், அழுகையில் உனக்கு இரைப்பு வந்திருக்கும். உன் அப்பா அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குத் திரும்பியிருப்போம், ஆடி வந்திருக்கும். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் நான் இதையெல்லாம் யோசித்துப் பார்த்துச் சொல்லாமல் விடவில்லை. பட்டனைப் போட்டுவிட்டேன். நீ அதையே பதிலாக எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாய். ஜன்னலில் உன் கை தெரிந்தது, டார்ச்சைப் பகல் வெளிச்சத்தில் அடித்துக் காட்டினாய்.

பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் அறிவுரை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் ஆய்வுக்கூடத்தில் கற்றது. உனக்கு நல்ல சேதி வரும்போது அது எந்தப் பாத்திரத்தில் வந்தது என்று பார். கெட்ட சேதியைச் சந்தேகப்பட உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், தானாகவே சந்தேகப்படுவாய். நான் ஆசைப்பட்டபடி ஒன்று வளர்ந்தது. அதனால் அது வளர்ந்த இடத்தை நான் பார்க்கவில்லை. மற்றபடி நம்பிக்கையை விடாதே, முயன்றால் முடியும் என்றெல்லாம் உனக்கு எழுத மனம் வரவில்லை. நிறையப் படித்தவள் நான். புத்தகங்களில் அந்த வரிகளை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் யாரும் இந்தப் பின்கதவைத் திறந்து பார்த்தவர்கள் இல்லை. முயன்றேன், ஒழுங்காகவே முயன்றேன். மேடு அப்படியேதான் இருக்கிறது. அதற்கு என்மேல் பகை ஒன்றும் கிடையாது. அதற்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னை அனுப்பிய பிறகு வீட்டில் எனக்கு மூச்சு சுலபமாக வந்தது. ராத்திரியில் உன் மார்புச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவள், அது இல்லாமல் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து அதற்காக அழுதேன். அதற்கடுத்த நாளும் நன்றாகத் தூங்கினேன். இதை வேறு எந்தத் தாயும் எழுதி நான் படித்ததில்லை. ஆனால் குழாயடியில் நிற்கும் அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது இது தெரியும் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் இரண்டாவது ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, குழந்தைக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். சரி, தெரிய வேண்டாம் என்றார். தாத்தாவிடம் நாங்கள் சொல்லவே இல்லை. அவர் தினமும் மத்தியானம் பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, கட்டிலில் படுத்தபடியே மேட்டைப் பார்ப்பார். பச்சை தெரிகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள், இன்னாமா, உன் பூச்சிங்க லீவுல கீதுங்களா என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். குழாயை எடுக்காமலேயே சிரித்தார்.

என் ஆய்வுக்கட்டுரை இப்போது எழுதி முடியப்போகிறது. அருமண் தனிமங்கள் இலைமேல் வாழும் பாக்டீரியாவின் வளர்ச்சியை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பற்றி. கண்ணாடிக் குடுவைகளைப் பற்றியும் அதில் ஒரு பத்தி இருக்கிறது, அடுத்து வருபவர்கள் ஏமாறாமல் இருக்க. அதில் நீ இல்லை, மேடு ஒரு வரியில் இருக்கிறது, மண் மாதிரி எடுத்த இடமாக.

சித்திரையில் நீ நாலு நாள் தங்க வந்தாய். கன்னம் உப்பி, வெயிலில் கறுத்து, அத்தை தைத்த அரைக்கால் சட்டையில் வந்தாய். மலையைப் பற்றி நீ கேட்கவில்லை. அத்தை வீட்டுக் கோழிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாய். இரண்டாம் நாள் விடிகாலையில் உனக்கு இரைப்பு வந்தது. அன்றே அப்பா உன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். குடியாத்தத்தில் உனக்கு இதுவரை ஒரு முறைகூட வரவில்லை. ஜூன் மாதம் அங்கேயே உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம்.